சால்ட்டர்: திருப்பாடற் சுவடி

இடைக்கால ஐரோப்பியச் சுவடிகளைப் பற்றிப் படிப்போர் அடிக்கடி எதிர்கொள்ளும் சொல் 'சால்ட்டர்'. விவிலியத்தின் 150 திருப்பாடல்களையும், வழிபாட்டில் அவற்றோடு ஓதப்படும் பிற பாடல்களையும் மன்றாட்டுகளையும் தனியே தொகுத்துக் கட்டிய ஏட்டை அது குறிக்கும். பலவற்றில் திருநாள் அட்டவணையும் முன்னால் இருக்கும்.

கிரேக்கத்தில் 'ப்சல்லெய்ன்' என்றால் நரம்பைச் சுண்டி மீட்டுதல். மீட்டப்படும் கருவி 'ப்சல்தேரியோன்' ஆயிற்று; அதன் இசையோடு பாடிய பாடல்களின் தொகுப்புக்கும் அப்பெயரே நிலைத்தது. இலத்தீனில் 'ப்சல்தேரியும்' என வழங்கி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது முதலெழுத்தான 'ப்' உதிர்ந்துவிட்டது. பின்னாளில் இலத்தீனைப் பார்த்து எழுத்தில் மட்டும் அதை மீட்டுக்கொண்டார்கள். நாம் கச்சேரிகளில் கேட்கும் சந்தூரின் பெயரும் இதே கிரேக்கச் சொல்லிலிருந்து கிளைத்ததாகவே கருதப்படுகிறது.

சொல்லுக்கு உரிய பொருளை உட்ரெக்ட் சால்ட்டரில் தெளிவாகக் காணலாம். 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பிரான்சின் ரேம்ஸ் நகருக்கு அருகிலுள்ள ஓவில்லேர் மடத்தில் உருவானதாகக் கருதப்படும் இச்சுவடியில், பேரெழுத்துகளாலான இலத்தீன் பாடல்களுக்கு இடையே பழுப்பு மையில் 166 கோட்டோவியங்கள் உள்ளன. ஓவியர்கள் பாட்டின் சொற்களை அப்படியே படமாக்கிவிடுகிறார்கள்: ஆண்டவரே, எழுந்தருளும், ஏன் உறங்குகிறீர் என்று 44ஆம் பாடல் (இலத்தீன் எண்ணிக்கையில் 43) கேட்க, ஆண்டவர் உண்மையாகவே கட்டிலில் படுத்திருக்க, வானதூதர்கள் அவரை எழுப்ப நிற்கிறார்கள். இந்தக் குழந்தைத்தனமான நேர்மையே அதன் பேரழகு என்பேன்.

கி.பி. 1000 வாக்கில் இது இங்கிலாந்தின் கேன்டர்பரியில் இருந்தது; அங்கு இதைப் பார்த்துப் படியெடுத்த சுவடிகளே அதற்குச் சான்று. 16ஆம் நூற்றாண்டில் மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் அந்நாட்டு மடங்கள் கலைக்கப்பட்டபின் இது பழஞ்சுவடி சேகரிப்பாளர் சர் ராபர்ட் காட்டனின் (1571-1631) கைக்கு வந்தது. அவர் இதனை ஆரண்டல் பிரபுவான தாமஸ் ஹோவர்டுக்கு இரவல் கொடுத்தார், இரவல் திரும்பவில்லை. உள்நாட்டுப் போர்க் காலத்தில் பிரபு நாட்டைவிட்டு வெளியேற, சுவடி நெதர்லாந்தில் தங்கிப்போய், 1716இல் வில்லெம் டி ரிடர் என்பவரால் உட்ரெக்ட் பல்கலைக்கழக நூலகத்துக்கு வழங்கப்பட்டது. 1731இல் காட்டனின் நூலகம் தீப்பற்றிப் பல சுவடிகள் கருகியபோது, திருப்பித் தரப்படாத இந்த ஒன்று பத்திரமாக இருந்தது. ஆகவே 'உட்ரெக்ட்' என்பது எழுதப்பட்ட ஊரின் பெயரன்று, இறுதி உடைமையாளரின் ஊர்ப்பெயர். 14ஆம் நூற்றாண்டின் லட்ரல் சால்ட்டரோ, செய்யச் சொன்ன ஜெஃப்ரி லட்ரலின் பெயரைத் தாங்குகிறது.

தமிழில் 'சங்கீதப் புத்தகம்' என்று எழுதுவோர் உண்டு. சீர்திருத்தத் திருச்சபையினரின் விவிலியத்தில் 'சங்கீதம்' பழகிய சொல்தான். ஆனால் பிற வாசகருக்கு அது இசைநூல் என்றே படும். பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தின் 'திருப்பாடல்கள்' இந்த மயக்கம் தருவதில்லை. எனினும் 'திருப்பாடல்கள்' என்பது விவிலியத்தின் ஒரு பகுதி. சால்ட்டரோ அதைக் கொண்ட தனிக் கட்டு. எனவே கையெழுத்து ஏட்டைத் 'திருப்பாடற் சுவடி' என்பது பொருந்தும். விலங்குத் தோலில் எழுதிய இவ்வேடுகளைச் சுவடி எனலாமா என்ற தயக்கம் வேண்டாம். ஓலையைக் குறிக்க 'ஓலைச்சுவடி' எனத் தனியே சொல்கிறோமே. தொடக்ககால அச்சாளர்களான ஃபுஸ்டும் ஷோஃபரும் 1457இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் அச்சிட்டதைப் போன்றவற்றுக்குத் 'திருப்பாடல் நூல்' என்பதே சரி.