போலீட்டுக்குத் தமிழ்ல என்ன பேரு?

மழை விட்ட மறுநாள் பைனஸ் காட்டுப்பக்கம் விறகு பொறுக்கப் போன எங்க அத்தை ஒரு காளானோட வந்தாங்க, தொப்பி சாப்பாட்டுத் தட்டு அகலம், பணிஸ் மாதிரி உப்பிக்கிட்டு கோப்பி கலர், காம்பு அடியில நல்லா தடிச்சிருக்கு. "கீழ பாருடா, தகடே இல்ல"ன்னாங்க, தகடுன்னா தொப்பிக்கு அடியில புத்தகத் தாள் மாதிரி அடுக்கடுக்கா நிக்கிறது. திருப்பினா ஸ்பொஞ்ச் மாதிரி மஞ்சளா இருக்கு, முழுக்க ஊசி குத்தின ஓட்டை. இந்த வகையத்தான் போலீட்டுன்னு சொல்றது.

சொல்லு லத்தீன் 'போலீட்டஸ்'ல இருந்து வந்தது, அதுக்கும் முன்னாடி கிரேக்கம். ஆனா ரோமாக்காரங்க அந்தப் பேர்ல ஆசையா சாப்பிட்டது அடியில தகடு இருக்கிற ஆரஞ்சு கலர் காளான். 1753ல செடிகொடிகளுக்கு லத்தீன்ல பேர் வச்ச லின்னேயஸ் அந்தப் பேர அடியில ஓட்டை இருக்கிற காளான்களுக்கு வச்சாரு, மரத்துல ஒட்டி வளர்ற கட்டைக் காளானையும் அதுக்குள்ளயே போட்டாரு.

நம்ம நாட்டுக்கும் இதுல பங்கு இருக்கு. 1873ல பெர்க்லி, புரூம்னு ரெண்டு ஆங்கிலேயக் காளான் ஆய்வாளர்கள் இலங்கைக் காளான்கள பத்தி எழுதினப்ப ஒரு பெரிய காளானுக்கு 'போலீட்டஸ் போர்ட்டென்டோசஸ்'னு பேர் வச்சாங்க, பின்னால வர்ற சொல்லுக்கு பூதாகாரமான, அதிசயமானன்னு அர்த்தம். இப்ப அது பிலெபோபஸ் பேரினத்துல இருக்கு, தாய்லாந்துல விரும்பிச் சாப்பிடுறாங்க.

தமிழ்ல 'துளைக்காளான்'னு சொல்லலாம்தான், ஆனா கட்டைக் காளானுக்கும் அடியில துளைதானே, அப்புறம் எப்படிப் பிரிக்கிறது? கத்தி நுனியால நெம்பிப் பாத்தேன், அந்த ஸ்பொஞ்ச் தொப்பிய விட்டு தனியா கழண்டு வந்துச்சு, கட்டைக் காளான்ல இப்படி வராது. குறுக்க வெட்டினா மேல தெரிஞ்ச துளை வெறும் வாய்தான், உள்ள குட்டிக் குட்டி குழாய் நெருக்கமா நிக்குது. அதனால 'குழல்காளான்'தான் சரின்னு நான் நினைக்கிறேன். சிறுபாணாற்றுப்படையிலயே காளான 'புழல் காளாம்பி'ன்னுதான் சொல்லியிருக்கு, புழல்னா உள்துளை. அங்க சொன்னது இந்த வகையத்தான்னு நான் சொல்ல வரல, ஆனா காளானயும் துளையயும் சேத்துப் பேசுறது தமிழுக்குப் புதுசில்ல.

வெட்டின இடம் கொஞ்ச நேரத்துல லேசா நீலமாச்சு. நீலமானா நஞ்சுன்னு லயத்துல சொல்வாங்க, அது காத்துப் பட்டு மாறுற நிறம், அத வச்சு நஞ்சுன்னும் சொல்ல முடியாது, நல்லதுன்னும் சொல்ல முடியாது, அதனால தெரியாத காளான சட்டியில போடவே கூடாது, அத்தையும் போடல. தொப்பிய வெள்ளத் தாள்ல கவுத்து வச்சோம். காலையில எடுத்தா பச்சை கலந்த பழுப்புத் தூள், அதுதான் காளானுக்கு விதை மாதிரி, புள்ளி புள்ளியா விழுந்து கிடக்கு. தகடு உள்ள காளானா இருந்தா கோடு கோடா விழுந்திருக்கும்.