பைக் அண்ட் ஷாட்: நெட்டீட்டி-துப்பாக்கிப் படை

'பைக் அண்ட் ஷாட்' என்று தமிழில் எழுதினால் மோட்டார் சைக்கிளும் சினிமா கேமராவும்தான் நினைவுக்கு வரும். வரலாற்றுப் போர் விளையாட்டுக்குப் பொம்மைப் படை கட்டுகிறவர்கள் சொல்லும் பைக் வேறு. அது சுமார் 16 முதல் 18 அடி நீளமுள்ள ஈட்டி. அதை ஏந்தியவர்களும் துப்பாக்கிக்காரர்களும் ஒரே அணியாக நின்று போரிட்ட முறைக்குத்தான் இந்தப் பெயர். ஐரோப்பாவில் 1500-களின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய 1700 வரை இதுவே காலாட்படையின் வழக்கம். திரி வைத்துச் சுடும் துப்பாக்கியில் மறுபடி மருந்து இடிக்க நேரம் பிடிக்கும். அதற்குள் குதிரைப்படை பாய்ந்துவிடாமல் தடுப்பது ஈட்டிகளின் வேலை.

பைக் பிரெஞ்சுச் சொல். 'குத்து' என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. சிக்கல் ஷாட்டில்தான். அகராதியைப் பார்த்து 'ஈட்டியும் குண்டும்' என்று பெயர்த்தால் தப்பு. 16, 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஷாட் என்றால் சுடும் ஆட்களையே குறிக்கும். பைக் என்பதும் அப்படித்தான், ஈட்டி பிடித்தவர்களுக்கும் அதே பெயர். தமிழுக்கு இது புதிதல்ல. 'படை' என்ற ஒரே சொல் ஆயுதத்துக்கும் சேனைக்கும் பொதுவாக இருக்கிறதே!

சரி, எந்த ஈட்டி? வேல் என்றால் இலை போல அகன்ற முனை கண்முன் வந்துவிடும். பைக்கின் முனை சிறியது. கருப்பசாமி கையிலிருக்கும் வல்லயமும் நீளத்தில் இதற்கு ஈடாகாது. நெடுமையோடு ஈட்டியைச் சேர்த்து 'நெட்டீட்டி' எனலாம். துப்பாக்கி துருக்கியிலிருந்து வந்த சொல் என்றாலும் நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது. ஈழத்தில் துவக்கு என்பார்கள். 'ஈட்டியும் துவக்கும்' காதுக்கு இன்னும் நன்றாக இருக்கிறது, ஆனால் தமிழ்நாட்டு வாசகர் 'ஆரம்பி' என்று படித்துவிடுவார். ஆகவே என் தேர்வு: நெட்டீட்டி-துப்பாக்கிப் படை.

பெயர் ஒன்றுதான், உள்ளே இருக்கும் விகிதம் ஒன்றல்ல. தொடக்கத்தில் ஈட்டிக்காரர்களே அதிகம். பிறகு துப்பாக்கி ஏறிக்கொண்டே போனது. இங்கிலாந்தில் அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், 1645-இல் நேஸ்பி என்ற இடத்தில் வென்ற பாராளுமன்றப் படையில் ஏட்டுக் கணக்குப்படி ஓர் ஈட்டிக்கு இரண்டு துப்பாக்கி. எனவே 1525-இன் பவியா போருக்கு வாங்கிய பொம்மைகளை நேஸ்பியில் நிறுத்த முடியாது, உடையும் மாறிவிட்டது. அந்தப் பாராளுமன்றப் படைக்குச் சிவப்புச் சட்டை. அரசர் பக்கம் நியூகாசில் பிரபுவின் ஆட்களுக்குச் சாயம் போடாத கம்பளித் துணி, 'வெள்ளைச் சட்டை' என்றே பேர். தும்பை வெள்ளை அடித்துவிடாதீர்கள். லேசான பழுப்பு கலந்தால்தான் கம்பளியாகத் தெரியும்.

மினியேச்சர் என்ற சொல்லையும் பார்த்துவிடலாம். சிறியது என்று பொருள் தொனித்தாலும் அதன் வேர் மினியம், அதாவது ஏடுகளில் எழுத்தை அலங்கரிக்கப் பயன்பட்ட ஈயச் செந்தூரம். சிறுமையைவிடச் சாயம்தான் அதில் மூத்தது. தமிழில் 'சிற்றுருவம்' போதும்.

28 மில்லிமீட்டர் சிற்றுருவத்தின் கையில் நெட்டீட்டி சுமார் 9 செ.மீ. வரும். அந்த நீளத்தில் பிளாஸ்டிக் வளைந்துவிடும் என்பதால் பலர் எஃகுக் கம்பியை மாட்டுகிறார்கள். கம்பி முனை விரலைப் பதம் பார்க்கும்; ஆளுக்கு வண்ணம் அடித்து முடித்த பிறகே ஒட்டுவது நல்லது. தண்டுக்கு வெளிர் மரநிறம். முனைக்குக் கீழே ஒரு செ.மீ. அளவுக்கு மெல்லிய வெள்ளிக்கோடு இழுக்க வேண்டும், வாள்வெட்டில் தண்டு முறியாதிருக்க அங்கே இரும்புப் பட்டை அறைந்திருந்தார்கள். துப்பாக்கிக்காரன் கையிலுள்ள திரிக்கு வைக்கோல் நிறம், நுனியில் சாம்பல், அதன்மேல் ஒரு பொட்டு சிவப்பு.

துப்பாக்கி முனையிலேயே கத்தி பொருத்தும் பயோனெட், நம்மூர்ப் பேச்சில் துப்பாக்கிச் சனியன், வந்ததும் ஈட்டிக்கு வேலை போய்விட்டது. பிரான்ஸ் 1703-இல் கைவிட்டது. சுவீடன் விடவில்லை, 1709-இல் ரஷ்யாவோடு மோதிய பொல்டாவா போரிலும் அதன் ஈட்டிக்காரர்கள் நின்றார்கள். அந்தப் படையைக் கட்டுகிறவர் சனியனோடு கம்பியையும் சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டும்.