பிரஷரைக் கூட்டக் கூட போர்ட் கிழியும்

கல்யாண சீசன் தொடங்கிவிட்டால் அட்டை அடிக்க வருகிறவர்களைவிட, "மெஷின் பழுதாப் போச்சு, ஒருக்காப் பாருங்க" என்று வருகிறவர்கள்தான் என் கடையில் கூட. போன கிழமை ஆரையம்பதிப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி, வீட்டில் கேக் செய்து விற்கிறவர், கணினியில் போட்ட டிசைனை அட்டையில் வெட்டுகிற கட்டிங் மெஷினைப் பெரிய பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். மெஷினில் ஒரு பிழையும் இல்லை. மெட்டை, அதுதான் போர்ட் என்கிற தடித்த தாளை ஒட்டி மெஷினுக்குள் விடுகிற பசைப் பிளாஸ்டிக் தட்டை, வாங்கி யன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். மாப்பிள்ளை பெயரும் பொம்பிளை பெயரும் ஓட்டை ஓட்டையாக வெளிச்சத்தில் தெரிகின்றன. போர்ட்டையும் வெட்டி, அடியிலிருந்த மெட்டையும் வெட்டியிருக்கிறது.

"பிரஷர் எவ்வளவு வச்சீங்க?"

"ஆகக் கூட்டித்தான் அண்ணா வச்சேன். ஓரமெல்லாம் பிய்ஞ்சு பிய்ஞ்சு வந்துச்சே."

காத்தான்குடி ராத்தாமாரும் இதைத்தான் சொல்கிறார்கள், கல்முனைத் தம்பிமாரும் இதைத்தான் சொல்கிறார்கள். ஓரம் பிய்ந்தால் பிரஷரைக் கூட்டு, இன்னும் பிய்ந்தால் இன்னும் கூட்டு. எனக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதியே வைக்கிறேன்.

வீட்டு மெஷினில் இருக்கிற பிளேட், மீன் வெட்டுகிற கத்தி மாதிரி மேலிருந்து அமத்தி வெட்டுவதில்லை. அது இழுபட்டுக்கொண்டு போகிறது. முனை, பிளேட்டின் நடு அச்சிலிருந்து ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக விலகி இருக்கும். மெஷினின் கை போகிற திசைக்கு அந்த முனை பின்னால் திரும்பித் திரும்பி வரவேண்டும். அதற்காகத்தான் பிளேட் சுலபமாகச் சுழலுகிற மாதிரி உள்ளே வைத்திருக்கிறார்கள். நீங்கள் அமத்தினால் முனை தேவைக்கு அதிகமாகக் கீழே இறங்கி, மெட்டின் பிளாஸ்டிக்குக்குள் குத்திக்கொள்ளும். அப்புறம் அது எப்படித் திரும்பும்? நேர்க்கோட்டில் ஒன்றும் தெரியாது. மூலை வந்ததும் போர்ட்டைப் பிடித்து இழுக்கும். நார் கிளம்பும், மூலை மடங்கும். அதைப் பார்த்துவிட்டு வெட்டு போதவில்லை என்று நினைத்து இன்னும் கூட்டுவீர்கள். போர்ட் மெட்டிலிருந்து அரக்கும். வட்டம் தொடங்கின இடத்தில் வந்து முடியாது. கடைசியில் முனை உடையும்.

இன்னும் ஒன்று. மெட்டில் விழுந்த வெட்டு அங்கேயே இருக்கும். அடுத்த போர்ட்டை அதன் மேல் ஒட்டினால் அந்த இடத்தில் அடியில் பிடிமானம் இல்லை. பிளேட் பழைய கீறலுக்குள் இறங்கும், போர்ட் தொய்யும், ஓரம் பிய்யும். நேற்றுக் கூட்டின பிரஷருக்கு இன்றைக்குத் தண்டம்.

அழுத்தம் போதவில்லை என்பவர்களுக்கு ஒரு கணக்கு. கிரிக்கட் (Cricut) கம்பனியின் மேக்கர் மெஷின் 4 கிலோ வரை அழுத்தம் கொடுக்கும். அதே கம்பனியின் எக்ஸ்ப்ளோர் வகை அதில் பத்தில் ஒரு பங்குதான். அந்தப் பத்தில் ஒரு பங்கு 216 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) போர்ட்டுக்குத் தாராளம். உங்களிடம் இல்லாதது அழுத்தம் இல்லை என்று இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்றும் தெரியும். கையால் சுற்றுகிற மெஷின் இருக்கிறதே, வடிவம் வெட்டுகிற இரும்பு அச்சான டையைப் பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நடுவில் அடுக்கி உருளைக்குள் விடுவது, அதில் அழுத்தம்தான் வெட்டும். ஒரு பக்கம் வெட்டுப்படவில்லை என்றால் அந்தப் பக்கம் ஒரு கடதாசித் துண்டை அடியில் வைத்து அழுத்தத்தைக் கூட்டலாம். டையை உருளைக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் சரித்து வைத்தால் நேர் ஓரமும் சுத்தமாக வரும். வளைந்த தட்டைப் புரட்டிப் போட்டுப் பாவிக்க வேண்டும். அந்த மெஷினுக்கு எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு இந்த மெஷினின் பட்டனை அமத்தினால் இப்படித்தான் ஆகும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? பிளேட் வெளியே நீட்டுகிற அளவை மாற்றக்கூடிய வகை மெஷின் என்றால் முதலில் அதைப் பாருங்கள். போர்ட்டின் தடிப்பைவிட ஒரு இழை கூட இருந்தால் போதும். பிளேட்டைப் பிடித்திருக்கிற ஹோல்டரைக் கழற்றி, அதே போர்ட் துண்டில் கையால் ஒரு கோடு இழுங்கள். போர்ட் வெட்டுப்பட்டு, அடியில் வைத்த தாளில் மெல்லிய கீறல் மட்டும் விழ வேண்டும். நீட்டம் மாற்ற முடியாத வகை என்றால் மெஷினில் சரியான மெட்டீரியலை, அதாவது தாளின் வகையை, தெரிவு செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். இரண்டிலும் தடித்த போர்ட்டுக்கு அழுத்தத்தைக் கூட்டாமல் இரண்டு தரம் வெட்ட விடுங்கள், வேகத்தைக் குறையுங்கள். நேரம் எடுக்கும்தான். எடுக்கட்டும்.

மெட்டீரியல் தெரிவு என்றதும் நினைவு வருகிறது. இங்கிலீஷ் வீடியோவில் "80 பவுண்ட்" என்று சொல்வது 216 ஜிஎஸ்எம். 65 பவுண்ட் என்றால் 176, 100 பவுண்ட் என்றால் 270. நம் கடைகளில் யாரும் பவுண்டில் விற்பதில்லை. "80 தானே" என்று ஃபோட்டோகொப்பி அடிக்கிற 80 ஜிஎஸ்எம் தாளை வைத்து, மெஷினில் 80 பவுண்ட் கார்ட்ஸ்டொக் என்று அமத்தினவர்களை எனக்குத் தெரியும். அந்த மெட்டின் கதியை நான் சொல்லத் தேவையில்லை.

நம் மட்டக்களப்புப் பக்கத்துக்கென்று உள்ள வில்லங்கம் ஈரம். மாரி தொடங்கினால் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற வீட்டில் சட்டையே காய்வதில்லை, போர்ட் மட்டும் காய்ந்து கிடக்குமா? ஈரம் உறிஞ்சின போர்ட்டில் நார் இளகிவிடும். பிளேட் பட்டதும் அறுபடாமல் இழுபடும். ஒரு தாளை எடுத்து ஆட்டிப் பாருங்கள். சடசடவென்று சத்தம் வந்தால் நல்லது, துணி மாதிரித் தொங்கினால் அன்றைக்கு வெட்டாதீர்கள். வாங்கின அன்றே மூடி இறுக்கமான பெட்டியில், சிலிக்கா ஜெல் பக்கற்றோடு, படுக்கையாக வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் வளையும். ஈரமான போர்ட்டை வெயிலில் காய வைக்கவும் வேண்டாம், அதுவும் வளையும். கச்சான் என்கிற சூடான வறண்ட காற்று வீசுகிற மாதங்களில் வேறு தொல்லை. சூட்டில் மெட்டின் பசை இளகிப் போர்ட்டின் அடியில் அப்பிக்கொள்ளும், தூசியும் மணலும் பறந்து வந்து ஒட்டும். வெட்டி முடிந்த உடனே மெட்டின் மேல் அதன் பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடுங்கள்.

எல்லாப் போர்ட்டும் ஒன்றில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குகிற மலிவான பிரிஸ்டல் போர்ட்டின் மூலையை ஒருக்கா கிழித்துப் பாருங்கள். பஞ்சு மாதிரி நார் தொங்கினாலோ பொருக்காகப் பிரிந்தாலோ எந்த மெஷினிலும் ஓரம் சுத்தமாக வராது. அதற்கு என் மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

மெட்டைக் கழுவலாம். இளஞ்சூட்டுத் தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற சோப்பும் கொஞ்சம் போதும், தேய்த்துத் தேய்த்துப் பசையை உரிக்காமல் நிழலில் காய விடுங்கள். போர்ட்டை ஒட்டும்போது கையால் தட்டிவிட்டு விடாமல் உருளையால் நன்றாக அமத்துங்கள். அமத்துகிற ஆசை உள்ளவர்கள் அங்கே அமத்தலாம். எடுக்கும்போது போர்ட்டை மெட்டிலிருந்து உரிக்காதீர்கள். மெட்டைக் கவிழ்த்து, போர்ட் மேசையில் படிந்திருக்க, மெட்டை வளைத்து உரியுங்கள். அழகாக வெட்டுப்பட்டதை எடுக்கிற நேரத்தில் சுருட்டிக் கெடுத்தவர்களும் மெஷினைத்தான் குற்றம் சொல்கிறார்கள்.

பிளேட் முனையை அலுமினியம் தாள் உருண்டையில் குத்தி எடுப்பது ஒட்டின தூசைத்தான் எடுக்கும். உடைந்த முனை அதில் வளராது. கிளிட்டர் போர்ட் பிளேட்டைத் தின்றுவிடும், அதற்கென்று ஒரு பழைய பிளேட்டைத் தனியாக வைத்திருங்கள்.

இனித் தமிழ் எழுத்து. பிளேட்டும் சரி, போர்ட்டும் சரி, மெட்டும் சரி, ஆனாலும் பெயர் மட்டும் பிய்கிறது என்றால் டிசைனைப் பாருங்கள். பாமினி எழுத்துருவில் (ஃபொன்ட்) அடித்து அப்படியே கோடாக மாற்றினால் "கி"யின் விசிறி (இகரக் குறி) வேறு, "க" வேறாக இருக்கும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிற இடத்தில் பிளேட் குறுக்கே வெட்டும், அந்த மெல்லிய கீலம் கிழியும். எல்லாவற்றையும் ஒரே வடிவமாக இணைத்து (டிசைன் மென்பொருளில் 'வெல்ட்') அனுப்புங்கள். மெய்யெழுத்துப் புள்ளிதான் ஆகப் பெரிய தலையிடி. இரண்டு மில்லிமீற்றர் வட்டத்தில் பிளேட் திரும்ப இடமே இல்லை, வட்டம் சுழன்று பிய்ந்து பறக்கும். புள்ளியைப் பெருப்பியுங்கள். கேக் டொப்பர், அதாவது கேக்கின் மேல் குத்தி நிறுத்துகிற பெயர் அலங்காரம், என்றால் எழுத்தோடு சின்னப் பாலம் போட்டு இணையுங்கள், இல்லாவிட்டால் புள்ளி மெட்டிலேயே தங்கிவிடும். எந்தக் காலும் ஒரு மில்லிமீற்றருக்குக் கீழே மெலியக் கூடாது. கூகிளில் எடுத்த படத்தை அப்படியே ட்ரேஸ் பண்ணி வெட்டுக் கோடாக மாற்றினால் கோட்டில் நூற்றுக்கணக்கில் திருப்பப் புள்ளிகள் இருக்கும், பிளேட் ஒவ்வொன்றிலும் நடுங்கி நடுங்கிப் போகும். அதை ஓரம் பிய்ந்ததாக நினைக்கிறீர்கள். வெட்டுகிறதற்கு முன் கோட்டை எளிமையாக்குங்கள்.

டொப்பர் செய்கிற தங்கச்சிமாரிடம் கெஞ்சிக் கேட்கிறேன், கிளிட்டர் போர்ட்டைக் கிரீமில் நேரடியாகக் குத்தாதீர்கள். சாப்பாட்டில் படுகிறதற்குச் செய்த பொருள் இல்லை அது. குச்சியில் ஒட்டி, கேக்குக்கு மேலே உயர்த்தி நிறுத்துங்கள்.

முந்நூறு அட்டையைத் தொடங்குகிறதற்கு முன் அதே போர்ட்டின் ஒரு மூலையில் சின்ன முக்கோணம் ஒன்றை வெட்டுங்கள். முக்கோணம், வட்டம் இல்லை. மூலைதான் பிழையைக் காட்டும். அது தானாகக் கழன்று வந்தால் மட்டும் மேலே போங்கள். அதன் பிறகும் சரிவரவில்லை என்றால் தாராளமாகக் கொண்டு வாருங்கள். ஆனால் மெஷினை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். மெட், பிளேட், வெட்டாத போர்ட் ஒன்று, பிய்ந்த துண்டு ஒன்று, டிசைன் ஃபைல், இவ்வளவும் வேண்டும். பிய்ந்த துண்டைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தால் திருப்பி வீட்டுக்குத்தான் அனுப்புவேன்.