கணினியில் பாகு ஊற்றினால்

முந்திரிக்கொத்துக்குக் காய்ச்சிய கருப்பட்டிப் பாகு கொஞ்சம் மிஞ்சினால் இன்னும் இறுகக் காய்ச்சி ஆற வையுங்கள். தேன் பதத்துக்கு வந்ததும் கரண்டியில் எடுத்து, ஒரு சாண் உயரத்திலிருந்து தட்டில் ஊற்றிப் பாருங்கள். மெல்லிய கயிறாக இறங்கும் பாகு, தட்டைத் தொடும் இடத்தில் முறுக்குப் பிழிந்ததுபோல வட்டம் வட்டமாகச் சுருண்டு படியும். சின்ன வயதில் இதைச் செய்து ஆச்சியிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். பின்னாளில் அதே சுருளைக் கணினித் திரையில் வரவழைக்கப் பார்த்தேன். மெதுவாக நகர்கிற பொருள்தானே, தாமிரபரணி வெள்ளத்தைவிடச் சுலபமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். நினைப்பு தப்பு.

பாகுநிலை என்று பள்ளிப் புத்தகம் சொல்கிறதே, அது திரவத்தின் ஓர் அடுக்கு பக்கத்து அடுக்கை எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறது என்பதன் அளவு. தமிழ்ப் பெயரிலேயே பாகு இருக்கிறது பாருங்கள்! கெட்டித் தேனுக்கு இது தண்ணீரைப் போல 10,000 மடங்கு வரை போகும். இந்த இழுபறியைச் சேர்த்த ஓட்டச் சமன்பாட்டை நேவியர் 1822இலும் ஸ்டோக்ஸ் 1845இலும் எழுதிவிட்டார்கள். அதைக் கணினியில் ஓட்டுவதுதான் பாடு.

திரவத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம் குறித்துக்கொள்கிறோம். நேரத்தை, நடப்பவர் எட்டு வைப்பதுபோல, சிறு எட்டுகளாக நகர்த்துகிறோம். ஒவ்வொரு எட்டிலும் ஒரு கட்டம் தன் அக்கம்பக்கத்தின் சராசரி வேகத்தை நோக்கிச் சாயும். பாகுநிலை கூடினால் சாய்வும் கூடும். எட்டு பெரிதாக இருந்தால் கட்டம் சராசரியைத் தாண்டி மறுபக்கம் போய்விடும். அதைச் சரிசெய்யப் போன பக்கத்துக் கட்டம் இன்னும் அதிகமாகத் தாண்டும். நாலைந்து எட்டுக்குள் வேகங்கள் கோடி, கோடான கோடி என்று ஏறி நிரல் செத்துவிடும். என் முதல் பாகு அப்படித்தான் போனது.

எட்டைச் சின்னதாக்கலாமே? ஆக்கலாம். 1 மில்லிமீட்டர் கட்டத்தில் கெட்டித் தேனின் ஒரு வினாடியை ஓட்ட 40,000 எட்டுகளுக்கு மேல் வேண்டும். கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் அது நாலு மடங்காகும். தண்ணீருக்கு இந்தத் தொல்லை அநேகமாகக் கிடையாது.

மாற்று வழியை விளங்கிக்கொள்ள நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடித்தவர் யாரும் தனியாக வேகம் வைக்க முடியாது. எல்லார் வேகமும் சேர்ந்தே முடிவாகிறது. அதுபோல, பக்கத்துக் கட்டத்தின் இப்போதைய வேகத்தைக் கேட்காமல், எட்டு முடியும்போது எல்லாக் கட்டங்களும் ஒன்றுக்கொன்று பொருந்துகிற வேகம் எது என்று கேட்கிறோம். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 100 கட்டம் வைத்தால் மொத்தம் 10 லட்சம் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று திசை வேகம் என்று 30 லட்சம் மாறிகள். ஒரே மூச்சில் தீர்க்க வேண்டிய சமன்பாட்டுக் கூட்டம் அது. ஒவ்வொரு சமன்பாட்டிலும் சில அண்டைக் கட்டங்கள்தான் வரும் என்பதால் கணினி தாங்குகிறது. எட்டு பெரிதானால் துல்லியம் குறையலாம், வேகங்கள் எகிறாது.

சரி, நிரல் வெடிக்கவில்லை. சுருள் வந்ததா? இல்லை. கயிறு விழுந்த இடத்தில் சும்மா குவியலாகப் பரவியது.

குற்றம் பாகின் மேற்பரப்பில் இருந்தது. காற்று பாகை இழுப்பதில்லை. ஆகவே மேற்பரப்பில் உராய்வு விசை சுழியமாக இருக்க வேண்டும். இந்த நிபந்தனை பக்கவாட்டு வேகத்தையும் மேல்கீழ் வேகத்தையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடுகிறது. நானோ கணக்கு எளிதாகட்டும் என்று மூன்று திசைகளையும் தனித்தனியாகத் தீர்த்திருந்தேன். அப்படிச் செய்தால் காற்றில் தானாகச் சுழல்கிற பாகு உருண்டைகூடக் காரணமின்றிச் சுழற்சியை இழக்கும். கணினி வரைகலை ஆய்வாளர்கள் கிறிஸ்டோபர் பேட்டியும் ராபர்ட் பிரிட்சனும் 2008இல் மூன்றையும் சேர்த்தே தீர்க்கும் முறையைக் காட்டினார்கள். அதைப் போட்டதும், விழுகிற கயிறு அடியில் நசுங்கி, ஈர்க்குச்சி வளைவதுபோல் ஒரு பக்கம் வளைந்து, சுற்றத் தொடங்கியது. ஆச்சி வீட்டுத் தட்டில் பார்த்த அதே சுருள்.

அப்புறம் ஆசை அல்வாவுக்குப் போனது. அல்வா வேறு சாதி. கோதுமைப் பாலில் உள்ள மாவுச்சத்து வெந்து உப்பி ஒரு வலை பின்னிக்கொள்வதால், இழுத்துவிட்டால் கொஞ்சம் திரும்பி வரும். ஆகவே ஒவ்வொரு கட்டமும் தன் வேகத்தோடு, எவ்வளவு இழுபட்டோம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இதை ஒருவழியாகச் செய்துவிட்டேன். லாலா கடையில் கிண்டுகிறவர் பார்க்கும் பதம் மட்டும் இன்னும் வரவில்லை. நெய் பிரிந்ததும் அல்வா வாணலியில் ஒட்டாமல் சுருண்டு வர வேண்டும். என் நிரலில், பாத்திரத்தைத் தொடும் திரவத்தின் வேகம் சுழியம் என்று எழுதிய வரி அப்படியே இருக்கிறது. அதனால் அது அடியில் ஒட்டிக்கொண்டே கிடக்கிறது.