பிட்யூட்டரிக்கும் சளிக்கும் என்னங்க சம்பந்தம்?

மறுபடியும் ஒரு மருத்துவப் பக்கத்துல 'கபச்சுரப்பியில் கட்டி'ன்னு தலைப்பு. மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பியத்தான் தமிழ்ல இப்படி எழுதறாங்க. அதப் படிச்சுட்டு எங்க சித்தி போன் பண்ணி, "ஏண்டா, சளி கட்டிக்கிட்டா தலையில ஆபரேஷன் வரைக்கும் போயிடுமா, ஆடாதோடை கஷாயம் வெச்சுக் குடிச்சா கரையாதா"ங்கறாங்க. அவங்களச் சொல்லி என்ன பண்ண, எழுதுனவரச் சொல்லணும்.

பேரோட கதை சின்னதுதான். லத்தீன்ல பிட்யூட்டான்னா சளி. மூளைல சேர்ற கழிவு இந்தச் சுரப்பி வழியா மூக்குக்கு இறங்குதுன்னு பழைய காலத்துல கேலன்ங்கற கிரேக்க மருத்துவர் நம்பினார், 1543ல உடற்கூறு அறிஞர் வெசாலியஸும் அதையே எழுதி வெச்சார். 17ஆம் நூற்றாண்டுல ஷ்னைடர், லோயர்னு ரெண்டு மருத்துவர்கள் அப்படி ஒரு வழியே கிடையாது, சளி மூக்கோட உள்சவ்வுல ஊறுறதுன்னு காட்டிட்டாங்க. பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு.

'மூலத்துலயே சளின்னுதான இருக்கு, நாங்க அப்படியே தமிழ்ல போட்டோம்'னு கபச்சுரப்பிக்காரங்க சொல்வாங்க. இங்கதான் எனக்குக் கோவம் வருது. பிட்யூட்டரின்னு சொல்ற இங்கிலீஷ்காரனுக்கு அந்தப் பேருக்குள்ள சளி இருக்கறதே தெரியாது, அதனால அந்தத் தப்பு யாரையும் கடிக்காது. நமக்கு கபம்னா கைக்குழந்தை வெச்சிருக்கற வீட்டுல கூட தெரியும், வாதம் பித்தம் கபம்னு வைத்தியமே இருக்கு, போதாததுக்கு 2020ல ஊரே கபசுரக் குடிநீர் குடிச்சிருக்கு, இப்ப கபச்சுரப்பின்னு எழுதினா படிக்கறவருக்கு வேற எது ஞாபகம் வரும்? செத்துப்போன தப்புக்கு தமிழ்ல உயிர் குடுத்திருக்கோம், அவ்ளோதான். இலங்கைப் பாடநூல்ல இந்தப் பேருதான், அங்க படிச்சவங்களுக்குப் பழகிப்போச்சு, புரியுது, ஆனா பழகிட்டா சரியாயிடுமா?

அது செய்யற வேலையப் பாருங்க. பட்டாணி சைஸ், அரை கிராம் எடை, மூளைக்கு அடியில எலும்புக் குழியில உக்காந்திருக்கு. தைராய்டு ரிப்போர்ட்ல முதல்ல பாக்கற டிஎஸ்எச், அதாவது தைராய்டத் தூண்டற ஹார்மோன், தைராய்டுல ஊறுறதுன்னுதான் பல பேர் நெனப்பு, அத அனுப்புறதே பிட்யூட்டரி. தைராய்டு மந்தமானா 'இன்னும் சுர, இன்னும் சுர'ன்னு இது டிஎஸ்எச்ச ஏத்தும், ரத்தத்துல தைராய்டு சுரக்கற தைராக்ஸின் போதுமான அளவு வந்துட்டா கொறச்சுக்கும். வளர்ச்சி, தாய்ப்பால், மாதவிடாய், அட்ரீனல் சுரப்பியோட கார்டிசால் ஹார்மோன்னு எல்லாத்துக்கும் இங்கருந்து உத்தரவு போகுது, இதுக்கே உத்தரவு போடறது மேல இருக்கற ஹைப்போதாலமஸ்ங்கற மூளைப் பகுதி. சிறுநீர கட்டுப்படுத்தற ஹார்மோன் பின்பக்கத்துலருந்து வராம போனா ஆள் லிட்டர் லிட்டரா போவார். இதுல கபம் எங்க? ஒரே ஒரு சம்பந்தம், கட்டி எடுக்க சர்ஜன் பெரும்பாலும் மூக்கு வழியா போறார். அதுக்காக பேர் வெக்க முடியுமா?

என்னக் கேட்டா பிட்யூட்டரின்னே எழுதலாம், தமிழ்தான் வேணும்னா மூளையடிச் சுரப்பி. அட்ரீனல்ங்கற பேரே சிறுநீரகத்த ஒட்டி இருக்கறதால வந்ததுதான், இருக்கற எடத்த வெச்சு பேர் வெச்சா நாளைக்கு ஆராய்ச்சி மாறினாலும் பேர் பொய்யாகாது.

இதே ஆளுங்கதான் ஹார்மோன வளரூக்கின்னு எழுதறாங்க. இங்கிலாந்து உடலியல் அறிஞர் ஸ்டார்லிங் 1905ல அந்தச் சொல்லப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தப்ப கிரேக்கத்துல 'தூண்டிவிடறது'ங்கற அர்த்தத்துலதான் எடுத்தார், வளர்ச்சி அதுல கெடையாது. வளர்ச்சி ஹார்மோன் என்ன, வளர்ச்சி வளரூக்கியா? அந்த வளர்ச்சி ஹார்மோனையே அடக்கற சொமாட்டோஸ்டாட்டினும் வளரூக்கியாம்! செடிகொடிய வளர வைக்கற ஆக்ஸின் பத்தி எழுதறப்ப அந்தச் சொல்ல வெச்சுக்கங்க, பொருந்தும். மனுஷ ஒடம்புக்கு இயக்குநீர்ங்கற சொல் இருக்கு, என்ன, 'நீ'க்கு மேல இருக்கற சுழி விட்டுப்போனா சினிமா இயக்குநர் ஆயிடும், ப்ரூஃப் பாக்கறவர் கொஞ்சம் கண்ணத் தொறந்து பாக்கணும்.