வளாகத்தைப் பார்த்து வந்தால் இடம் கிடைத்துவிடுமா?

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு வழிகாட்டும் என் பணியில், பெற்றோர் மிகுந்த பதற்றத்துடன் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ஹார்வர்டையும் எம்.ஐ.டி.யையும் நேரில் பார்த்து வராவிட்டால் பிள்ளையின் விண்ணப்பம் பின்தங்கிவிடுமா? பின்தங்காது. ஹார்வர்டு, யேல், ஸ்டான்ஃபோர்டு, எம்.ஐ.டி., கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் ஆகியவை, மாணவர் தம்மிடம் எவ்வளவு ஆர்வம் காட்டினார் என்பதைச் சேர்க்கை முடிவில் கணக்கில் எடுப்பதில்லை. கடன் வாங்கி அங்கே சுற்றுலா போகும் குடும்பங்களைப் பார்க்கையில் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

எல்லாக் கல்லூரிகளும் அப்படியல்ல. இடம் கொடுத்தவர்களில் எத்தனை பேர் வந்து சேர்வார்கள் என்பதைச் சரியாகக் கணிக்காவிட்டால் விடுதியும் வகுப்பறையும் நிரம்பி வழியும், அல்லது காலியாகி வருவாய் குறையும் என்பதால், தனியார் கல்லூரிகள் பலவும் வளாக வருகை, இணையவழிக் கூட்டம், அனுப்பிய மின்னஞ்சலை மாணவர் திறந்தாரா என்பது வரை பதிவுசெய்து வைக்கின்றன. நீங்கள் விரும்பும் கல்லூரி எந்த வகை என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் ‘காமன் டேட்டா செட்’ அறிக்கையின் சி7 அட்டவணையில், விண்ணப்பதாரரின் ஆர்வம் மிக முக்கியமா, முக்கியமா, கருதப்படுவதா, கருதப்படாததா என்று குறிக்கப்பட்டிருக்கும். பயணச்சீட்டு வாங்கும் முன் அந்த ஒரு வரியைப் படித்துவிடுங்கள்.

ஆர்வத்தைக் கருதும் கல்லூரியும் தொலைவிலிருக்கும் மாணவர் நேரில் வர வேண்டுமென்று பொதுவாக எதிர்பார்ப்பதில்லை; சென்னையிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு இணையவழி அறிமுகக் கூட்டமே போதும். அருகிலேயே வசித்துக்கொண்டு எட்டிப் பார்க்காதவரைப் பற்றித்தான் அவர்களுக்குக் கேள்வி எழலாம். போகிறவர்கள் சேர்க்கை அலுவலகத்தில் முன்பதிவு செய்து போக வேண்டும். பதிவில்லாமல் சுற்றிவிட்டுத் திரும்பினால் அந்த வருகை கல்லூரிக்குத் தெரியவே தெரியாது. குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களைத் தம் செலவிலேயே வரவழைக்கும் திட்டங்களை ஆம்ஹெர்ஸ்ட், போடின் போன்ற கல்லூரிகள் நடத்துகின்றன. ஆனால் இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் பள்ளிப் படிப்பு முடிப்பவர்களுக்கே.

ஒருமுறைதான் போக முடியும் என்றால், இடம் கிடைத்த பிறகு போகச் சொல்வேன். பல கல்லூரிகள் மே 1க்குள் முடிவைக் கேட்பதால், ஏப்ரலில் தேர்வானவர்களுக்கென்று தனி நாள்களை ஒதுக்குகின்றன. அப்போது நிதியுதவிக் கடிதமும் கையில் இருக்கும். எந்தக் கட்டணம் ஆண்டுதோறும் உயரும், உதவித்தொகை நான்கு ஆண்டும் தொடருமா என்று அலுவலரிடம் நேருக்கு நேர் கேட்கலாம்.