லேப்டாப் போனாலும் உள்ளே இருப்பது போகவில்லை

"அண்ணாச்சி, லேப்டாப் போனாப் போகட்டும். உள்ள கிடக்க போட்டோ மட்டும் கிடைச்சிரும்லா?"

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்துப் பதினைந்து வருடம் ஆகிறது. இந்தக் கேள்வி காதில் விழாத வாரம் கிடையாது. கேட்பவர் கல்லூரிப் பிள்ளையாக இருப்பார், ஓய்வுபெற்ற வாத்தியாராக இருப்பார், முக்கூடலிலிருந்து பஸ் ஏறி வந்த அம்மாவாக இருப்பார். லேப்டாப்பின் விலையை யாரும் முதலில் பேசுவதில்லை. மகள் சடங்கு வீட்டுப் படம், இறந்துபோன அப்பாவின் குரல், நாலு வருட ஆராய்ச்சி, கடையின் ஜிஎஸ்டி கணக்கு என்று உள்ளே இருப்பதைப் பற்றித்தான் பேச்செல்லாம்.

பெரும்பாலும் "கிடைச்சிரும்" என்றுதான் என்னால் சொல்ல முடிகிறது. கிடைக்காமல் போனவற்றைத் திரும்பி நினைத்துப் பார்த்தால் மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். பலவற்றில் லேப்டாப் கெட்ட அன்றைக்கு ஃபைலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அடுத்த இரண்டு மூன்று நாளில், காப்பாற்ற வேண்டும் என்ற பதற்றத்தில் யாரோ செய்த காரியத்தால் போயிருக்கும். அந்தக் காரியங்களைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். உங்கள் ஃபைல் எல்லாம் இருப்பது லேப்டாப்பின் ஒரே ஒரு பாகத்தில். பழைய மாடலில் அது ஹார்டு டிஸ்க், புதியதில் எஸ்எஸ்டி. திரை உடையலாம், கீபோர்டில் காபி கொட்டலாம், ஐப்பசி இடியில் சார்ஜர் வழியாக, எல்லாப் பாகத்தையும் இணைக்கிற மதர்போர்டு கருகலாம். டிஸ்க் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். வாசல் கதவு இறுகிக்கொண்டது, உள்ளே பீரோ அப்படியேதான் நிற்கிறது என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லுவேன்.

திரை மட்டும் இருட்டாக இருந்து ஃபேன் சத்தம் கேட்டால், எச்டிஎம்ஐ கேபிளை வீட்டு டிவியில் செருகிப் பாருங்கள். டிவியில் படம் வந்தால் அங்கேயே உட்கார்ந்து வேண்டியதைப் பென்டிரைவில் எடுத்துவிடலாம். விண்டோஸ் ஏறாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவில் போட்டு, அதிலிருந்து லேப்டாப்பை ஓடவிட்டு ஃபைல்களை எடுக்கலாம். இன்ஸ்டால் என்ற பட்டனை மட்டும் தொடக் கூடாது. தொட்டால் இருப்பதும் அழியும்.

மதர்போர்டே போய்விட்டால் டிஸ்கைக் கழற்ற வேண்டியதுதான். 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்புகள் நம் பக்கத்தில் இன்னும் எத்தனையோ வீட்டுப் பரணில் கிடக்கின்றன. அந்தக் கவர்மெண்ட் லேப்டாப்பில் இருப்பது சாதாரண இரண்டரை இன்ச் சாட்டா ஹார்டு டிஸ்க். அதைக் கழற்றி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி கேஸில் போட்டால் பென்டிரைவ் மாதிரித் திறந்துவிடும். களக்காட்டிலிருந்து ஒரு தம்பி, பேட்டரி உப்பி மூடி பிளந்துபோன ஒன்றைக் கொண்டுவந்தார். பத்து வருடமாக ஆன் பண்ணாதது. டிஸ்கைச் செருகியதும், வாழைத் தோட்டத்தில் அவருடைய அம்மா நிற்கிற படம்தான் முதலில் திறந்தது. அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

புதிய லேப்டாப்புகளில் 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமுமாக, பட்டை வடிவில் ஒரு எஸ்எஸ்டி இருக்கும். போர்டோடு பேசும் முறையைப் பொறுத்து இதில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு ரகம் உண்டு. ரகத்துக்கு ஏற்ற கேஸ் வாங்க வேண்டும். விலை குறைந்த சில மாடல்களில் ஃபைல் இருக்கும் சேமிப்புச் சில்லையே போர்டில் பற்றவைத்திருப்பார்கள். 2018-க்குப் பிறகு வந்த மேக்புக்குகளில் பெரும்பாலும் சேமிப்பு போர்டிலேயே இருக்கும், ஃபைல்களின் பூட்டும் அந்தப் போர்டிலுள்ள சில்லோடு கட்டப்பட்டிருக்கும். இந்த மாதிரி லேப்டாப்புகளில் போர்டை ஒரு தடவையாவது உயிர்ப்பித்தால்தான் ஃபைல் வரும். ஆகவே "போர்டு வேஸ்ட், தூக்கிப் போடுங்க" என்று யாராவது சொன்னால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

இப்போது எனக்கு அதிகப் பயம் தருவது, டிஸ்கில் இருப்பதை வேறு யாரும் படிக்க முடியாதபடி விண்டோஸ் போடும் பிட்லாக்கர் பூட்டுதான். விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்புகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முதல் தடவை உள்ளே நுழைந்த உடனே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்கிறது. 2024-இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் நிறைய மாடல்களுக்கு வந்துவிட்டது. லேப்டாப் ஓடும்வரை பூட்டு இருப்பதே தெரியாது. போர்டு போய், டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போடும்போதுதான் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். முதலில் நுழைந்த அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் அது இருக்கும். அந்த எண் இல்லாமல் நானும் திறக்க முடியாது, கெட்ட டிஸ்கிலிருந்து ஃபைல் எடுக்கிற சென்னையின் பெரிய லேபும் திறக்க முடியாது.

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒரு அப்பா வந்தார். மகன் படிப்புக்கு வாங்கிய லேப்டாப். வாங்கிய அன்றைக்கே கடையில் இருந்த பையன், சீக்கிரம் முடியட்டும் என்று ஏதோ ஒரு ஈமெயில் உண்டாக்கி ஆன் பண்ணிக் கொடுத்திருக்கிறான். அந்த ஈமெயில் என்ன என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்தப் பையனும் வேலையை விட்டுப் போய்விட்டான். டிஸ்க் துளிப் பழுதில்லாமல் என் கையில் இருந்தது. மூன்று நாள் அலைந்தும் கீ கிடைக்கவில்லை. மகனுடைய பிராஜெக்ட் முழுவதும் அதற்குள் இருந்தது.

இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். லேப்டாப்பில் செட்டிங்ஸ் திறந்து, பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்கிற இந்தப் பூட்டு ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன் என்றால், எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறீர்களோ அதற்குள் போய் அந்த 48 இலக்கத்தை எடுத்து ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கிற பையில் வைத்துவிடுங்கள். கணக்கே கடைக்காரர் உண்டாக்கியது என்றால், லேப்டாப் நன்றாக இருக்கும்போதே உங்கள் சொந்த ஈமெயிலுக்கு மாற்றிவிட்டு, கீ அந்தக் கணக்கில் ஏறிவிட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கீழே விழுந்த ஹார்டு டிஸ்க். எஸ்எஸ்டியில் அசையும் பாகம் கிடையாது. ஹார்டு டிஸ்கில் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் தட்டு, லேப்டாப் ரகத்தில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும். அதன் மேல் படிக்கும் ஹெட், சில நானோமீட்டர் உயரத்தில் காற்றில் மிதக்கும். தலைமுடியின் தடிமனோடு ஒப்பிட்டால் பல ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி. அடிபட்ட டிஸ்கில் "டக், டக்" என்று ஒரே தாளத்தில் சத்தம் கேட்டால், ஹெட் தன் இடத்தைத் தேடித் தவிக்கிறது என்று அர்த்தம். உடைந்த ஹெட்டாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் தட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கும். சுரண்டிப்போன பூச்சில்தான் உங்கள் படம் இருந்தது. அதை எந்தத் தொழில்நுட்பத்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

அதனால் அந்தச் சத்தம் கேட்டால் உடனே பவரை நிறுத்துங்கள். "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்பதுதான் நான் பார்த்ததில் அதிக ஃபைல்களைக் கொன்ற வாக்கியம். அம்பாசமுத்திரத்திலிருந்து கல்யாணப் படம் எடுக்கிற ஒருவர், சத்தம் வந்த டிஸ்கில் ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு இரண்டு ராத்திரி ஓடவிட்டுவிட்டு என்னிடம் வந்தார். முதல் ராத்திரிக்கு முன்னால் வந்திருந்தால் லேபில் ஹெட் மாற்றி முக்கால்வாசியாவது எடுத்திருக்கலாம். ஒரு கல்யாணத்தில் முகூர்த்தத்துக்கு முந்தைய படங்கள் மட்டும் கிடைத்தன. பெண் வீட்டாரிடம் அவர் போய்ச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

ஃப்ரீசரில் வைப்பது, தட்டிப் பார்ப்பது, மூடியைத் திறந்து பார்ப்பது எல்லாமே கெடுதல். நம் கடை மேசையில் திறந்தால் ஒரு தூசி போதும். தூசியில்லாத தனி அறை வைத்திருக்கிற லேபில்தான் திறக்க வேண்டும். நானே திறப்பதில்லை, அனுப்பிவைப்பேன். அதே மாடல் டிஸ்கின் பச்சை போர்டை மாற்றினால் போதும் என்று சிலர் வாங்கி வருவார்கள். அந்த டிஸ்குக்கென்று தனியாக உள்ள விவரங்கள் போர்டில் ஒரு சில்லில் இருக்கும். அதையும் சேர்த்து மாற்றாவிட்டால் பெரும்பாலான புதிய டிஸ்குகள் படிக்காது.

சத்தம் இல்லை, ஆனால் மெதுவாகத் திறக்கிறது, நடுவில் தொங்குகிறது என்றால் டிஸ்கில் சில இடங்கள் கெட்டிருக்கலாம். அப்போது விண்டோஸில் இருக்கிற செக் டிஸ்க் கருவியை ஓட்டாதீர்கள். அது டிஸ்கைச் சரிசெய்யப் பார்க்கும், உங்கள் படத்தைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. டிடிரெஸ்கியூ என்ற இலவச லினக்ஸ் கருவியால் முழு டிஸ்கையும் வேறொன்றுக்கு நகல் எடுப்பதே நாங்கள் செய்வது. நல்ல இடங்களை முதலில் படித்து எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். அப்புறம் தேடுவது எல்லாம் அந்த நகலில்தான்.

வெள்ளத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷன், சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் என்று வீட்டுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு வாரக்கணக்கில் சேறு படிந்த லேப்டாப்புகளாக வந்துகொண்டிருந்தன. காப்பாற்ற முடிந்தவற்றில் பெரும்பாலானவை யாரும் தொடாமல் அப்படியே கொண்டுவந்தவை. வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, "ஓடுதா பார்ப்போம்" என்று சார்ஜர் போட்டவைதான் கருகியிருந்தன.

சாதாரண ஹார்டு டிஸ்க் முழுக்க அடைத்துவிட்ட பெட்டி கிடையாது. காற்றழுத்தத்துக்காகச் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும், பக்கத்திலேயே மூடக் கூடாது என்று அச்சடித்திருப்பார்கள். வெள்ளத்து நீர் அதன் வழியாக உள்ளே போகும். காய்ந்தால் மண்ணும் உப்பும் தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே நனைந்த ஹார்டு டிஸ்கைக் காயவைக்காமல், ஈரத்தோடு ஜிப் கவரில் போட்டு லேபுக்கு அனுப்புவதே சரி. அரிசி மூட்டையில் புதைப்பதால் பயனில்லை. எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கை அதிகம். சேற்றைக் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சுத்தம் செய்து, நன்றாக உலர்த்தியபின் பல எஸ்எஸ்டிகள் திறந்தன. ஒரு வாத்தியார் ஒழுங்காக எக்ஸ்டர்னல் டிஸ்கில் நகல் எடுத்து வைத்திருந்தார், ஆனால் லேப்டாப் இருந்த அதே பீரோவின் கீழ்த்தட்டில். இரண்டும் சேர்ந்தே மூழ்கின. அதன் பிறகு யார் நகல் எடுக்கக் கேட்டாலும், ஒன்றை வேறு ஊரில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள் என்று சொல்லுகிறேன். கூகுள் கணக்கில் 15 ஜிபி இலவசமாகக் கிடைக்கிறது, முக்கியமான சான்றிதழ்களுக்கு அதுவே போதும்.

இனி, நல்லெண்ணத்தோடு செய்யும் பெரிய அழிவு, டிஸ்கைக் காலியாக்கும் ஃபார்மட். அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் ஒரு தங்கச்சி லேப்டாப் மெதுவாக இருக்கிறது என்று ஓரிடத்தில் கொடுத்திருக்கிறாள். அங்கே கேட்காமலேயே விண்டோஸ் புதிதாகப் போட்டுவிட்டார்கள். ஆய்வேடு டெஸ்க்டாப்பில் இருந்தது, டெஸ்க்டாப் என்பது சி டிரைவுக்குள்தான், ஃபார்மட்டில் அழிந்ததும் அதுதான். ஹார்டு டிஸ்க் என்றால் அழித்த ஃபைல் மேலே வேறு எழுதப்படும்வரை உள்ளேயே கிடக்கும், ஃபோட்டோரெக் மாதிரிக் கருவியில் தேடி எடுக்கலாம். எஸ்எஸ்டியில் டிரிம் என்ற வேலை பின்னால் நடந்து, அழித்த இடத்தைச் சீக்கிரமே துடைத்துவிடும். அவளுடையது எஸ்எஸ்டி.

ரெக்கவரி சாஃப்ட்வேரை மூடிவிட்டு வேறு வழியில் தேடினோம். நெறியாளருக்கு அனுப்பிய ஈமெயிலில் மூன்று இயல்கள் இருந்தன. தோழிக்கு வாட்ஸப்பில் அனுப்பிய பிடிஎஃப் ஒன்று. பாளையங்கோட்டையில் பிரிண்ட் எடுத்த டிடிபி சென்டரின் கம்ப்யூட்டரில், அவள் பென்டிரைவிலிருந்து ஏற்றிய நான்காம் இயல் டவுன்லோட்ஸில் அப்படியே கிடந்தது. கடைசி இயலை மட்டும் அவள் திரும்ப எழுதினாள். ஃபைல் காணாமல் போனால் டிஸ்கைக் குடைவதற்கு முன்னால், அது வேறு எங்கெல்லாம் போயிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

பெண் பிள்ளைகள் பலர் என்னிடம் நேராகக் கேட்கத் தயங்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். உள்ளே சொந்தப் படங்கள் இருக்கின்றன, எப்படிக் கொடுப்பது? திரை, கீபோர்டு, சார்ஜிங் பின் மாதிரி வேலைக்கு டிஸ்க் தேவையே இல்லை. கழற்றித் தரச் சொல்லி வீட்டுக்கு எடுத்துப் போங்கள். ரெக்கவரி வேலை என்றால் எதிரிலேயே உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள், எந்த ஃபோல்டர் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் கடை கம்ப்யூட்டரில் இருக்கிற நகலை உங்கள் கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள். இதற்குக் கோபப்படும் கடையில் கொடுக்காதீர்கள். ஒருவருடைய அந்தரங்க உடல் படத்தைச் சம்மதமின்றி எடுப்பதோ பரப்புவதோ தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66இ பிரிவில் குற்றம். மூன்று வருடம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம் உண்டு.

கடைக்கு வரும்போது சார்ஜரைக் கொண்டுவாருங்கள். லேப்டாப்பில் போட்டிருக்கிற மைக்ரோசாஃப்ட் ஈமெயில் எது, அதற்கு ஓடிபி வரும் போன் யாருடையது என்று வீட்டில் கேட்டுவிட்டு வாருங்கள். எடுத்த ஃபைலைப் போட ஒரு காலி டிஸ்க் வேண்டும். அப்புறம் கெட்ட நாளிலிருந்து என்னென்ன செய்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், இன்னொரு கடையில் கொடுத்ததையும் சேர்த்து. நான் திட்ட மாட்டேன். எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பது அதைக் கேட்டால்தான் எனக்குத் தெரியும்.